கலாத்தியர் என்பவர்கள் யார்?

எங்கள் அம்மா ஞாயிறு பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் தங்கையும் பாயில் உட்கார்ந்து மனப்பாட வசனம் ஒப்பிக்க வேண்டும். 'ஆவியின் கனியோ, அன்பு, சந்தோஷம், சமாதானம்' என்று தொடங்கி ஒன்பது கனியையும் விடாமல் சொல்லிவிட்டால் போதாது. எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கலாத்தியர், ஐந்தாம் அதிகாரம், இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கலாத்தியர் யார் என்று நான் கேட்டதே இல்லை. வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களின் தலைப்பாக ரோமர், கொரிந்தியர், எபேசியர், பிலிப்பியர் என்று வரிசையாக வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. ரோமருக்கு ரோம், கொரிந்தியருக்குக் கொரிந்து, எபேசியருக்கு எபேசு. கலாத்தியருக்கு மட்டும் ஊர் கிடையாது என்பது எனக்கு முப்பது வயதுக்கு அப்புறம்தான் உறைத்தது. அதுவும் வேல்ஸ் நாட்டில் வைத்து.

வேலைக்காக இரண்டு வருடம் கார்டிஃப் நகரத்தில் இருந்தேன். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால், செவெர்ன் ஆற்றுக்கு அடியில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிச்சத்துக்கு வரும்போது நாடு மாறியிருக்கும். அங்கிருந்து எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி. தார் ரோட்டில் வெள்ளைப் பெயின்டில் 'ஸ்லோ' என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் பக்கத்தில் 'அராவ்' என்று வெல்ஷிலும் இருக்கும். நாட்டின் எல்லையில் நிற்கும் வரவேற்புப் பலகையைப் பார்த்துதான் எனக்கு இந்த ஆர்வம் பிறந்தது. ஆங்கிலத்தில் வேல்ஸ். வெல்ஷில் கம்ரி. ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை.

கம்ரி என்ற சொல்லைச் சொல்லிப் பார்ப்பதே தமிழ் வாய்க்கு ஒரு சுகம். தனியாக நின்றால் 'கல்' என்பதில் வருவது போன்ற வல்லின ககரம். 'கம்ரிக்கு' என்று சொல்ல முன்னால் ஓர் இடைச்சொல் சேர்த்தால், அந்தக் ககரம் 'அகம்' என்பதில் வருவது போல மெலிந்துவிடும். 'கம்ரியில்' என்றால் அது 'ஙம்ரி' ஆகும். நம் நெடுங்கணக்கில் இருந்தும் சொல்லுக்கு முதலில் வராமல் கிடக்கும் ங, அங்கே சொல்லின் முதலெழுத்தாக வந்து நிற்கிறது. 'கம்ரியும்' என்றால் தொண்டையில் உரசும் 'ஃகம்ரி', கிட்டத்தட்ட ஆய்தம். நமக்குப் புணர்ச்சி நிலைமொழியின் கடைசியிலும் வருமொழியின் முதலிலுமாக நடக்கிறது. அவர்களுக்கு முழுக்க வருமொழியின் முதலெழுத்தில். பள்ளியில் புணர்ச்சி விதி படித்த யாருக்கும் இது பிடித்துப்போகும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். நான் பேச்சுவாக்கில் 'வேல்ஸ்' என்று சொன்னால், திருத்தாமல், தன் முறை வரும்போது 'கம்ரி' என்று சொல்வார். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "வேல்ஸ் அவர்கள் எங்களுக்கு வைத்த பெயர். அந்நியர் என்று அர்த்தம். கம்ரி நாங்கள் வைத்துக்கொண்டது" என்றார். தன் சொந்த மண்ணில் அந்நியர் என்று பெயர் வாங்கிய ஒரு ஜனம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேடிப் படித்ததில் அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. அதற்கு முன்னாலும் ஒரு கதை இருந்தது. சீசர் கி.மு. 50களில் எழுதிய போர்க்குறிப்புகளில், இன்றைய ஜெர்மனியின் காட்டுப் பகுதியில் வோல்க்கே தெக்தோசாகெஸ் என்ற இனம் ஒன்று, பழைய ஐரோப்பாவில் பரவியிருந்த கெல்ட்டிய மக்களில் ஒரு பிரிவு, வாழ்ந்ததாகச் சொல்கிறார். ஜெர்மானிய மொழி பேசியவர்களுக்கு இந்த வோல்க்கே பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த ஒரே ஒரு இனத்தின் பெயர், அவர்கள் வாயில் 'வால்ஹ்' என்று மாறி, முதலில் எல்லாக் கெல்ட்டியரையும், பிறகு ரோமர்களையும், கடைசியில் நம்மைச் சேராத எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்த சாக்சன்கள் அந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிரிட்டனில் ஏற்கெனவே இருந்தவர்கள்மேல் அதை ஒட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அடிமை என்ற பொருளும் ஏறியது.

அந்தச் சொல் போன இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கார்ன்வால் என்பதன் பின்பாதி அதுதான். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோன் மக்களின் பெயர், ருமேனியாவின் வலாக்கியா, போலந்துக்காரர்கள் இத்தாலி நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர், ஹங்கேரியர்கள் இத்தாலியரை அழைக்கும் 'ஒலாஸ்', எல்லாம் அதே வேர். கேக்கில் போடும் வால்நட்டின் 'வால்'கூட அதுதான், அந்நியக் கொட்டை. பிரான்சின் பழைய பெயராகப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'கோல்' என்பதும் லத்தீனின் 'கல்லியா'விலிருந்து வரவில்லை, இந்த வால்ஹிலிருந்துதான் வருகிறது. ஜெர்மானிய வகரம் பிரெஞ்சில் ககரமாகும். வில்லியம் அங்கே கியோம் ஆவது போல. ஒரு காட்டோர இனத்தின் பெயர் ஐரோப்பாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இனம் எப்போதோ கரைந்துவிட்டது.

சரி, கம்ரி என்றால் என்ன? 'கோம்-ப்ரோகி' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. 'கோம்' என்றால் கூட, சேர்ந்து. 'ப்ரோகி' என்றால் நிலம், நாடு, அடிப்படையில் எல்லை. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள், நாட்டவர் என்று பொருள். ஒரு பக்கம் சாக்சன்கள் நெருக்க, சிதறிக் கிடந்த சின்னச் சின்ன அரசுகளின் மக்கள் ஒருவரையொருவர் பார்த்து 'நாம் ஒரு மண்ணுக்காரர்கள்' என்று சொல்லிக்கொண்ட பெயர் அது. இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்பிரியாவிலும் அதே பெயர் தங்கியிருக்கிறது. அங்கே அந்த மொழி செத்து நூற்றாண்டுகள் ஆகின்றன. வெல்ஷில் நாட்டின் பெயரும் மக்களின் பெயரும் இன்றும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. எழுதும்போது கடைசி எழுத்தை மாற்றி எழுதுவது பிற்காலத்து ஏற்பாடு.

இந்தப் 'ப்ரோகி'யைப் பிடித்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்குப் போனால் அல்லோப்ரோகெஸ் என்ற இனம் வருகிறது. ரோன் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில், இன்றைய பிரான்சின் வியென், கிரனோபிள் பக்கம் வாழ்ந்தவர்கள். கி.மு. 63இல் ரோமில் கதிலீனா என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தபோது அது கையும் களவுமாகப் பிடிபட்டது இவர்களுடைய தூதர்களால்தான். அவர்கள் பெயருக்கு என்ன பொருள் என்பது நமக்கு ஓர் உரைகாரர் மூலம் கிடைத்திருக்கிறது. ரோமக் கவிஞர் ஜுவெனாலின் பாட்டில் இந்தப் பெயர் வரும் இடத்துக்குப் பழைய உரை எழுதிய ஒருவர், 'அவர்கள் மொழியில் ப்ரோகே என்றால் வயல், அல்லா என்றால் வேறு' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேற்று நிலத்தார். கம்ரிக்கு நேர் எதிர்ப்பதம். வெல்ஷில் 'அல்' என்ற அந்த முன்னொட்டைச் சேர்த்து வெளிநாட்டானைக் குறிக்கும் சொல் இன்றும் இருக்கிறது.

தன்னைத்தானே ஒருவன் வேற்று நிலத்தான் என்று சொல்லிக்கொள்வானா? வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் என் மனசுக்குப் படுவது, அது அக்கம்பக்கத்துக் கெல்ட்டியர்களே வைத்த பெயர் என்பதுதான். மொழி ஒன்று, சாமி ஒன்று, ஆனாலும் 'அவன் நம்ம பக்கத்து ஆள் இல்லை'.

கெல்ட்டியர் என்ற பொதுப்பெயருக்கே வருவோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 'கெல்ட்டோய்' என்று எழுதுகிறார், தன்யூப் ஆறு அவர்கள் நாட்டில் பிறக்கிறது என்று. நேரில் பார்த்தவர் அல்ல, கேள்விப்பட்டதை எழுதியவர். சீசர்தான் தெளிவாகச் சொல்கிறார்: நாம் கல்லி என்று அழைக்கும் இவர்கள் தங்கள் மொழியில் தங்களைக் கெல்ட்டே என்கிறார்கள் என்று. அப்படியானால் இது அவர்களே சொல்லிக்கொண்ட பெயர். உயர்ந்தவர்கள், அடிப்பவர்கள், மறைந்தவனின் பிள்ளைகள் என்று மூன்று நான்கு பொருள் சொல்லியிருக்கிறார்கள், எதுவும் நிலைக்கவில்லை. தங்கள் சமயக் கல்வியை எழுத்தில் வைப்பது தகாது என்று அவர்களுடைய பூசாரிகளான துருயிதுகள் எண்ணியதாக சீசர் சொல்கிறார். அதனால் அவர்களுடைய பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்கக் காதிலும் ரோமக் காதிலும் விழுந்த மாதிரிதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்றைக்கு கெல்ட்டியர் என்றதும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்றுதான் நினைவு வரும். ஆனால் பழங்காலத்து எழுத்தாளர் ஒருவர்கூட பிரிட்டனில் இருந்தவர்களையோ அயர்லாந்துக்காரர்களையோ கெல்ட்டியர் என்று சொன்னதில்லை. இந்த மொழிகளெல்லாம் ஒரே குடும்பம் என்பதை 1707இல் விரிவாகக் காட்டியவர் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளர். அதற்கப்புறம்தான் அந்தப் பெயர் இந்தத் தீவுகளுக்கும் பரவியது. இதைச் சொன்னால் சிலர், அப்படியானால் கெல்ட்டியர் என்பதே கட்டுக்கதை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் பிந்தி வந்தது. மொழிகளுக்குள் இருந்த உறவு அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

அந்த உறவை எனக்குக் காட்டியது பிரிட்டன் என்ற பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மர்சேயிலிருந்து கப்பலில் வந்த பித்தியாஸ் என்ற கிரேக்கர் வழியாக 'ப்ரெத்தனிக்' தீவுகள் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தது. வெல்ஷில் பிரிட்டனுக்கு இன்றும் 'ப்ரதைன்'. இதே பெயர் பழைய ஐரிஷில் 'க்ருதின்'. பகரம் எப்படிக் ககரம் ஆனது? பழைய கெல்ட்டிக்கில் இருந்த 'க்வ' என்ற ஒலி, வெல்ஷ் பக்கம் பகரமாகவும் ஐரிஷ் பக்கம் ககரமாகவும் பிரிந்துவிட்டது. தலைக்கு வெல்ஷில் பென், ஐரிஷில் க்யான். மரத்துக்கு வெல்ஷில் ப்ரென், ஐரிஷில் க்ரான். ப்ரதைன், க்ருதின் இரண்டுக்கும் அடியில் இருக்கும் வேருக்கு உருவம், வடிவம் என்று பொருள். உடம்பில் உருவம் எழுதிக்கொண்டவர்கள் என்று விளக்குவார்கள். பிற்காலத்தில் ரோமர்கள் வடக்கே இருந்தவர்களைப் 'பிக்டி', வண்ணம் தீட்டியவர்கள், என்று தங்கள் மொழியில் அழைத்தது இதோடு ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஐரிஷில் மகனுக்கு 'மாக்'. மெக்டொனால்ட் என்ற பெயரின் முதல் பாதி அதுதான், டொனால்டின் மகன். இதைப் பார்த்ததும் எந்தத் தமிழனுக்கும் 'மகன்' என்று கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அன்று முழுக்க மனசு பறந்தது. ஆனால் வெல்ஷில் அதே சொல் 'மாப்'. அயர்லாந்திலும் வேல்ஸிலும் நிற்கும் 4, 5ஆம் நூற்றாண்டு ஓகம் கல்வெட்டுகளில், கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய எழுத்தில், இந்தச் சொல்லுக்கு வரும் குறி சாதாரணக் ககரத்துக்கு உரியது இல்லை. 'க்வ'வுக்குத் தனியாக வைத்திருந்த குறி. ஆக அங்கே இருந்தது 'க்வ' ஒலி. நம் 'மக' என்ற வேரில் அப்படி ஒன்றின் தடமே கிடையாது. இரண்டு சொல்லும் வெவ்வேறு வழியில் வந்து, தற்செயலாக ஒரே மாதிரி நிற்கின்றன. இதை இணையத்தில் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் தமிழை நேசிக்கிறவன் அதன் சொற்களை இல்லாத இடத்தில் தேடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அது சமஸ்கிருதம் வழியாக. இங்கிலாந்தின் வடபகுதியில் ப்ரிகாந்தெஸ் என்ற பெரிய இனம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கார்த்திமாந்துவா என்ற அரசி ஆண்டாள். ஆஸ்திரியாவின் ப்ரெகென்ஸ் நகரப் பெயரும் அதே வேர். உயர்ந்தவர், ஓங்கியவர் என்று பொருள். அயர்லாந்தின் பிரிஜித் புனிதையின் பெயரும் அதுதான், நம்மூர் கிறித்தவ வீடுகளிலும் பெண்களுக்கு வைக்கும் பெயர். சமஸ்கிருதத்தின் 'ப்ருஹத்' இதற்கு உடன்பிறப்பு. தஞ்சாவூர் பெருவுடையாரைப் பிரகதீஸ்வரர் என்று சொல்லும்போது அந்தப் 'பிரகத்' ப்ரிகாந்தெஸ் மக்களின் பெயரோடு ஒரே வேரில் பிறந்தது. 'பெரு' அதில் சேராது, அது நம்முடையது. இரண்டும் ஒரே கோயிலின் பெயராகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பிரான்சில் இந்தப் பெயர்கள் ஊர்ப்பெயர்களாகவே தங்கிவிட்டன. ரோமர் காலத்தில் பாரீஸுக்கு லுதேசியா என்று பெயர், அது பாரிசி இனத்தாரின் லுதேசியா. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஊரின் பெயர் உதிர்ந்து இனத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது. ரெமி இனத்தார் ஊர் ரேம்ஸ், அம்பியானி ஊர் அமியான், நம்னேதெஸ் ஊர் நாந்த். பெத்ருகோரி என்றால் நான்கு படையார், அவர்கள் ஊர் பெரிகோ. எபுரோ என்றால் யூ மரம், குளிர்நாட்டில் வளரும் ஒரு நச்சு மரம். எபுரோவிகெஸ் ஊர் எவ்ரோ. யூ மரத்தின் பெயரையே தாங்கிய எபுரோனெஸ் என்ற இன்னோர் இனத்தின் அரசன் கதுவோல்க்குஸ். சீசருக்கு எதிராக எழுந்து, தோற்று, கி.மு. 53இல், வயதான காலத்தில் ஓட முடியாமல் யூ மரத்தின் நஞ்சைக் குடித்துச் செத்தான். சீசர் இதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த மரம் அவர்கள் பெயரில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அந்த வாக்கியத்தில் குறிப்பு இல்லை. எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

பாரீஸில் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு அடியில் 1711இல் தோண்டியபோது ஒரு கல்தூண் துண்டுதுண்டாகக் கிடைத்தது. இப்போது க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்டிஃபிலிருந்து ஒரு விடுமுறைக்கு அங்கே போய்ப் பார்த்தேன். இயேசு உயிரோடு இருந்த காலத்தில் ரோமை ஆண்ட திபேரியு பேரரசனுக்கு, பாரிசி இனத்துப் படகோட்டிகள் சங்கம் எடுத்த தூண். கொம்பு வைத்த சாமி, மரத்தை வெட்டும் சாமி, முதுகில் மூன்று கொக்கு நிற்கும் காளை. கல் கருத்து மழுங்கியிருக்கிறது. ஆனால் படகோட்டிகள் தங்கள் பெயரை வெட்டிய வரி வாசிக்கக் கிடைக்கிறது, பாரிசியாகி என்று. வேறு யாரோ கேட்டு எழுதியதில்லை, அவர்களே காசு போட்டு வெட்டியது.

இனி கலாத்தியர். கி.மு. 279இல் ஒரு பெரிய கெல்ட்டியக் கூட்டம் கிரேக்கத்துக்குள் இறங்கி தெல்பி கோயில் வரை போனது. கிரேக்கர்கள் அவர்களைக் 'கலதாய்' என்றார்கள். அடுத்த ஆண்டு பித்தினியா அரசன் நிக்கோமெதஸ் தன் சகோதரனோடு நடந்த சண்டைக்கு ஆள் பிடிக்க, இவர்களில் ஒரு பிரிவை ஆசியா மைனருக்குள் வரவழைத்தான். ரோம வரலாற்றாசிரியர் லிவியின் கணக்குப்படி 20,000 பேர், அதில் ஆயுதம் தாங்கியவர்கள் 10,000. மிச்சம் பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் திரும்பவில்லை. இன்றைய துருக்கியின் நடுமேட்டில் தங்கினார்கள். அந்த நிலம் கலாத்தியா ஆனது. மூன்று இனம்: தொலிஸ்தோபோகி, த்ரோக்மி, அப்புறம் தெக்தோசாகெஸ். ஜெர்மானியக் காட்டில் வோல்க்கே என்ற பெயரோடு சேர்ந்து வந்த அதே தெக்தோசாகெஸ். பிரான்சின் துலூஸ் பக்கத்திலும் அதே பெயரில் ஓர் இனம் இருந்தது. வேல்ஸ் என்ற பலகைக்கும் அம்மா சொல்லிக்கொடுத்த வசனத்துக்கும் நடுவில் இந்த ஒரு பெயர் பாலமாக நிற்பதைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவில் நடந்தேன்.

அந்த மேட்டில் அவர்கள் கூடிப் பேசிய இடத்துக்கு துருநெமெதோன் என்று பெயர். நெமெதோன் என்றால் கோயில்காடு. ஆறு நூறாண்டு கழித்து, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், கலாத்தியருக்கு எழுதின நிருபத்துக்கு உரை எழுதிய ஜெரோம் என்ற கிறித்தவ அறிஞர், இவர்கள் கிரேக்கம் பேசினாலும் தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள், அது ஏறக்குறைய த்ரியர் நகரத்து மக்களின் பேச்சு என்று எழுதுகிறார். த்ரியர் ஜெர்மனியின் மேற்குக் கோடியில். பவுல் எழுதியது இந்தக் கெல்ட்டிய வம்சத்தாருக்கா, அதே பெயர் கொண்ட ரோம மாகாணத்தின் தென்பக்க ஊர்களுக்கா என்று வேதபண்டிதர்களுக்குள் வாதம் உண்டு. எப்படியானாலும் பெயர் அவர்களுடையது.

அந்தப் பெயருக்கு 'கல்' என்ற வேரைச் சொல்கிறார்கள். வலிமை, ஆற்றல். பழைய ஐரிஷில் வீரம். வெல்ஷில் 'என்னால் முடியும்' என்று சொல்ல கார்டிஃப் பக்கம் பயன்படுத்தும் வினைச்சொல் அதே வேர். மாலை நேர வெல்ஷ் வகுப்பில் எங்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது. என்னால் நீந்த முடியும், என்னால் சமைக்க முடியும் என்று பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சொன்னோம். பவுல் கோபத்தில் 'புத்தியில்லாத கலாத்தியரே' என்று கூப்பிடுகிறார். அந்தக் கூப்பிடலுக்குள் முடிந்தவர்கள், வல்லவர்கள் என்ற பெயர் இருக்கிறது.

ஊருக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது கண் அவ்வளவு தெரியவில்லை, பெரிய எழுத்து வேதாகமம்தான். முழுக்கக் கேட்டார். நடுவில் பேசவில்லை.

"அவங்க தங்களை கலாத்தியர்னா சொல்லிக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

"கிரேக்கர்கள் அப்படிச் சொன்னாங்கம்மா. உள்ளுக்குள்ள மூணு இனத்துக்கும் தனித்தனிப் பேர் இருந்திருக்கு."

"சொல்லு."

சொன்னேன். நிருபத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, தலைப்புக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால், ஒவ்வொன்றையும் என்னை இரண்டு தடவை சொல்லச் சொல்லி, மெதுவாக எழுதினார். தெக்தோசாகெஸ் என்பதற்குத் 'தெ'வா 'டெ'யா என்று கேட்டார். 'தெ' என்றேன்.

"அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்குச் சொல்றேன்" என்று மூடிவைத்தார்.